கண்டது, கேட்டது, கருதியது: 1830-களின் அமெரிக்கப் பயண நூல்களை வாசிக்கும் முறை

அமெரிக்காவைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் எப்படியாவது பிரெஞ்சு எழுத்தாளர் தொக்வில் எழுதிய ஒரு வாக்கியத்தைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தை அவர் எந்த ஊரைப் பார்த்து, யாரிடம் பேசிய பிறகு எழுதினார் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு இது உண்மையிலேயே பெரிய குறையாகப் படுகிறது. கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்திலும் சரி, ஓய்வுபெற்ற பிறகு பழைய மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து இந்த நூல்களை வாசிக்கும் இப்போதும் சரி, நான் வற்புறுத்துவது இதைத்தான்: பயணியின் முடிவை எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அவர் எங்கே நின்று பார்த்தார் என்பதைக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. யாரும் பழகிக்கொள்ளலாம்.

முதலில் நூல்கள். 1815-இல் நெப்போலியன் போர்கள் ஓய்ந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவைப் பார்க்க வந்தவர்களின் கூட்டம் பெருகியது. மன்னன் இல்லாமல் ஒரு பெரிய நாடு நடக்கிறதா, நடந்தால் எப்படி என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் வேடிக்கை இல்லை. பிரான்சில் 1830-இல் புரட்சி. இங்கிலாந்தில் 1832-இல் வாக்குரிமைச் சீர்திருத்தச் சண்டை. அந்தச் சூட்டில்தான் இந்த நூல்கள் அச்சேறின, விற்றன, திட்டு வாங்கின. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான்கு பேர் போதும்: பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் தெ தொக்வில், இங்கிலாந்திலிருந்து வந்த எழுத்தாளர்கள் பிரான்சிஸ் டிரோலப், ஹாரியட் மார்ட்டினோ, சார்லஸ் டிக்கன்ஸ். கடற்படைக் கேப்டன் பேசில் ஹால், நடிகை ஃபேனி கெம்பிள், மிசௌரி ஆற்றின் மேல்பகுதிவரை போன ஜெர்மன் இளவரசர் மாக்சிமிலியன் எல்லோரும் பின்னால் வரலாம்.

எந்த நூலை எடுத்தாலும் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகளை எழுதிவையுங்கள். பயணம் நடந்த தேதி, நூல் வெளிவந்த தேதி. டிரோலப் 1827 கிறிஸ்துமஸ் அன்று மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்து 1831-இல் ஊர் திரும்பினார், நூல் 1832-இல் வந்தது. மார்ட்டினோ 1834 முதல் 1836 வரை சுற்றினார், நூல் 1837-இல். டிக்கன்ஸ் 1842 ஜனவரியில் பாஸ்டனில் இறங்கி ஜூனில் கப்பலேறினார், அக்டோபரில் நூல் கடையில் இருந்தது. தொக்வில் 1831 மே முதல் 1832 பிப்ரவரி வரை அங்கே இருந்தார். அவருடைய ‘அமெரிக்காவில் ஜனநாயகம்’ நூலின் முதல் பகுதி 1835-இல் வந்தது, இரண்டாம் பகுதி 1840-இல்தான். இந்த இடைவெளி முக்கியம். இரண்டாம் பகுதி எழுதும்போது அமெரிக்கா அவருக்கு எட்டு வருடப் பழைய நினைவு. கண்ணெதிரே இருந்தது பிரான்ஸ். அதனால் அந்தப் பகுதியை அமெரிக்காவுக்கான சாட்சியாக எடுப்பதில் நான் மிகவும் தயங்குவேன். கெம்பிள் இன்னும் தீவிரமான உதாரணம். ஜார்ஜியாவில் கணவரின் தோட்டங்களில் அடிமைகளின் வாழ்க்கையைப் பார்த்து அவர் எழுதியது 1838–39 குளிர்காலத்தில், அச்சிட்டது 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவில்.

அப்புறம் ஒரு பழைய வரைபடம் வேண்டும். இன்றைய வரைபடம் உங்களை ஏமாற்றிவிடும். 1831-இல் மாநிலங்கள் 24 மட்டுமே. டெக்சாஸ் மெக்சிகோவிடம் இருந்தது. 1830 மக்கள்தொகைக் கணக்கில் மொத்தம் சுமார் ஒரு கோடியே 28 லட்சம் பேர், அவர்களில் அடிமைகள் 20 லட்சம். இந்தப் பயணிகள் ‘மேற்கு’ என்று எழுதும்போது பெரும்பாலும் ஒஹையோ, கென்டக்கிப் பக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

வரைபடத்தில் பயணியின் வழியைப் பென்சிலால் கோடு போடுங்கள். பெரும்பாலும் ஒரே வழிதான் திரும்பத் திரும்ப வரும்: நியூயார்க், ஹட்சன் ஆறு, ஆல்பனி, 1825-இல் திறந்த ஈரி கால்வாய் வழியாகவோ அதன் ஓரமாகவோ பஃபலோ, நயாகரா, பிறகு பாஸ்டன், பிலடெல்பியா, வாஷிங்டன். நீராவிப் படகு போகும் இடத்துக்குப் பயணியும் போகிறார். படகு போகாத உள்நாட்டுக் கிராமம் நூலில் இல்லாமல் போகிறது. கோட்டின் மேலேயே நாட்களையும் குறித்தால் இன்னொன்று தெரியவரும். தொக்வில் வடக்கே மாதக்கணக்கில் இருந்தவர். தெற்கே போகும்போது ஒஹையோ ஆற்றில் அவருடைய படகு பாறையில் மோதியது, பிறகு ஆறு உறைந்தது, டென்னசியில் காய்ச்சலில் படுத்தார். நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்தது 1832 புத்தாண்டு அன்று. அங்கே இருந்தது மிகச் சில நாட்களே. அங்கிருந்து அலபாமா, ஜார்ஜியா, கரோலினாக்கள் வழியாகக் குதிரை வண்டியில் வாஷிங்டனுக்கு ஓட்டம். தென்மாநிலங்களைப் பற்றி அவர் எழுதியதை எல்லாம் இந்தக் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பயணத்துக்குக் காரணம் என்ன, காசு யாருடையது என்பதையும் குறித்துவையுங்கள். தொக்வில்லும் நண்பர் குஸ்தாவ் தெ பொமோனும் சிறைச்சாலைகளை ஆராய பிரெஞ்சு அரசின் அனுமதியோடு வந்தார்கள், செலவு சொந்தக் குடும்பங்களுடையது. டிரோலப் குடும்பக் கடனிலிருந்து மீள வழி தேடி வந்தவர். சின்சினாட்டியில் பெரிய கட்டடம் எழுப்பி பஜார் நடத்தப் பார்த்தார், பணம் எல்லாம் போனது. டிக்கன்ஸின் கதைகளை அமெரிக்கப் பதிப்பாளர்கள் அவருக்குக் காசு தராமலே அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள், அந்தக் கோபத்தோடு அவர் வந்தார். இதைத் தெரிந்துகொண்டதும் பலர் செய்யும் தவறு, ‘கசப்பில் எழுதியது’ என்று நூலை ஒதுக்கிவைப்பது. ஒதுக்காதீர்கள். கசந்துபோனவர் நுணுக்கமாகப் பார்ப்பார். புகழ வந்தவர் பல விஷயங்களைப் பார்க்காமலே கடந்துவிடுவார்.

இனி முறையின் நடுப்பகுதிக்கு வருவோம். பேரேடு போல நீளவாட்டு நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்றாகப் பிரித்து ‘கண்டது’, ‘கேட்டது’, ‘கருதியது’ என்று தலைப்புப் போடுங்கள். வாசிக்கிற ஒவ்வொரு செய்தியையும் மூன்றில் ஒன்றில் எழுத வேண்டும். ஒரே வாக்கியத்தில் மூன்றும் கலந்திருந்தால் வெட்டிப் பிரித்து எழுத வேண்டும்.

டிரோலப்பின் சின்சினாட்டி அத்தியாயத்தை வைத்துப் பழகலாம். புதிதாகக் குடிவந்த அவர், வீட்டுக் குப்பையை எங்கே கொட்டுவது என்று வீட்டுக்காரரிடம் கேட்கிறார். தெரு ஓரத்தில் கொட்டக் கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது, நட்ட நடுவில் கொட்டிவிடுங்கள், பன்றிகள் வந்து எடுத்துக்கொள்ளும் என்கிறார் அவர். பார்த்தால் அப்படியே நடக்கிறது, பன்றிகள் நாள் முழுக்கத் தெருவில் இதே வேலையாகத் திரிகின்றன. பன்றிகள் திரிவது ‘கண்டது’. சட்டம் இருக்கிறது என்பது ‘கேட்டது’. பன்றிகள் சூழ வாழ்வது பிடிக்கவில்லை என்பது ‘கருதியது’. ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொன்றும் எழுதுகிறார்: இத்தனை பன்றிகள் இருப்பதும் நல்லதுதான், இல்லாவிட்டால் தெருவே அடைத்துப்போகும் என்று. பலர் மேற்கோள் காட்டும்போது இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால் அது தானாகக் கண்ணில் படும். ஊரின் பிழைப்பே பன்றிதான் என்பதையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட இறைச்சி பீப்பாய் பீப்பாயாக ஆற்றில் இறங்கி நியூ ஆர்லியன்ஸுக்குப் போன காலம் அது.

அதே அத்தியாயங்களில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண் வருகிறாள். சமையலறையில் சாப்பிடச் சொன்னதும் அவள் உதட்டைச் சுழித்து, உங்களோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தகுதியில்லை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, இங்கே அது நடக்காது என்கிறாள். டிரோலப் இதைப் புகாராக எழுதினார். நான் இதைப் படிக்கும்போது அந்தப் பெண்ணின் பக்கம்தான் போய் நிற்கிறேன். 1820-களின் கடைசியில், ஒஹையோவில், கூலிக்கு வேலை பார்க்கும் ஒருத்தி தன்னைச் சமமானவளாக நினைத்தாள், அதை எஜமானியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் தன் கையால் எதையும் எழுதிவைக்கவில்லை. அவள் பேச்சு நம்மிடம் வந்து சேர்ந்தது இந்தப் புகாரின் வழியாகத்தான். எனவே பயணி சலித்துக்கொள்ளும் இடம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். உள்ளூர் மனிதர்கள் அங்கேதான் வாய் திறந்து பேசுவார்கள்.

அடுத்த படி, ஒரே இடத்தைப் பார்த்த இருவரை எதிரெதிரே வைப்பது. இதற்குப் பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1829-இல் திறந்த சிறை. ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை, அதை ஒட்டிச் சுவர் எழுப்பிய சின்ன முற்றம், அறைக்குள்ளேயே நெசவு அல்லது செருப்புத் தைக்கும் வேலை. புதிதாக வருகிறவன் முகத்தை மூடித்தான் அழைத்துப் போவார்கள், இன்னொரு கைதியின் முகத்தை அவன் பார்க்கவே கூடாது. இதற்கு எதிர்முறை நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன், சிங் சிங் சிறைகளில் இருந்தது: இரவில் தனி அறை, பகலில் பேசாமல் ஒன்றாக வேலை. சிங் சிங்கில் சுமார் 900 கைதிகள் திறந்தவெளியில் சங்கிலி இல்லாமல் வேலை செய்ய, 30 காவலர்கள் மட்டுமே இருந்ததைக் கண்டு தொக்வில்லும் பொமோனும் மிரண்டுபோனார்கள்.

பிலடெல்பியாவுக்கு 1831 அக்டோபரில் வந்த தொக்வில், ஒவ்வொரு அறைக்குள்ளும் தனியாகப் போய்க் கைதிகளிடம் பேசி, கேள்வியும் பதிலுமாகக் குறித்துக்கொண்டார். 1833-இல் வந்த சிறை அறிக்கையின் பின்னிணைப்பில் அவை இருக்கின்றன. பல கைதிகள் வேலை மட்டும் இல்லாவிட்டால் உயிரோடு இருக்க முடியாது என்கிறார்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டதும் சிலர் அழுகிறார்கள். ஒருவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: அந்தக் கோடையில் என் முற்றத்துக்கு ஒரு சில்வண்டு வந்தது, எனக்குத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது, என் அறைக்குள் பட்டாம்பூச்சியோ வேறு எதுவோ வந்தால் நான் அதற்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை.

டிக்கன்ஸ் அதே கட்டடத்துக்கு 1842 மார்ச்சில் போனார். கைதியைத் திருத்த இந்த முறை உதவுமா என்று தொக்வில் பார்த்தார் என்றால், டிக்கன்ஸ் கண்ட முடிவு கடுமையானது: மனிதனின் மூளையை நாள்தோறும் மெதுவாகக் குலைக்கும் இந்தத் தண்டனை உடலை வதைப்பதைவிடக் கொடியது. ஒரு ஜெர்மன் கைதி, நெசவு நூலிழையிலிருந்து எடுத்த சாயத்தால் சுவர், கூரை எல்லாம் அழகாக வண்ணம் தீட்டியிருந்ததை எழுதுகிறார். இப்படி மனம் உடைந்த உருவத்தைத் தான் கண்டதே இல்லை என்கிறார்.

யார் சொல்வது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நோட்டைத் திறந்து பாருங்கள். டிக்கன்ஸின் பகுதியில் ‘கண்டது’ பத்தியில் வருவது ஒருசில அறைகள். அதற்குப் பிறகு வரும் நீண்ட பகுதி, பெயரில்லாத ஒரு கைதியின் மனம் ஆண்டுக்கணக்கில் எப்படிச் சிதையும் என்று நாவலாசிரியர் கற்பனை செய்வது. அது முழுக்க ‘கருதியது’. தொக்வில்லிடம் கைதிகளின் பதில்கள் நிறைய இருக்கின்றன, அவை ‘கேட்டது’. ஆனால் கேட்டவர் யார்? அதிகாரிகளின் அனுமதியோடு வந்த, நல்ல உடையணிந்த அந்நியர். அவரிடம் ஒரு கைதி சிறையைப் பற்றி எவ்வளவு குறை சொல்லியிருப்பான்? தொக்வில்லின் கேள்வியும் வேறு. கைதி திருந்துவானா, செலவு எவ்வளவு, பிரான்சுக்கு இது பொருந்துமா என்பது அவருக்கு வேண்டிய பதில். டிக்கன்ஸுக்கு வேண்டியது, அந்த அறைக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்பது. அந்த ஜெர்மன் கைதி பிறகு பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார், திரும்பத் திரும்ப அதே சிறைக்கு வந்தார் என்பதும் பதிவில் உண்டு. அதை வைத்து டிக்கன்ஸ் தோற்றார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனிமைச் சிறை பற்றிய அவருடைய கருத்துதான் இன்றுவரை நிற்கிறது. ஆனால் அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது சாட்சியின் வழியாக இல்லை, இரக்கத்தின் வழியாக. சில்வண்டைப் பற்றிச் சொன்ன கைதியின் குரல் வேண்டுமென்றால் தொக்வில்லிடம்தான் போக வேண்டும்.

கொஞ்சம் கூடுதல் உழைப்பு தேவைப்படும் படி ஒன்று இருக்கிறது. பயணியின் கடிதங்களோ நாட்குறிப்போ கிடைத்தால், நூலை அவற்றோடு ஒத்துப்பாருங்கள். பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்ப 1830-இல் நிறைவேறிய வெளியேற்றச் சட்டத்தின் கீழ் முதலில் சொந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் சோக்டா என்ற பூர்வகுடி மக்கள். 1831 டிசம்பரில் மெம்பிஸ் நகரில் அவர்கள் மிசிசிப்பியைக் கடக்கப் படகேறியதைத் தொக்வில் நேரில் பார்த்தார். 1835 நூலில் அந்தக் காட்சி இப்படி முடிகிறது: எல்லோரும் ஏறியதும், தங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நாய்களுக்குப் புரிந்தது, ஒன்றாக ஊளையிட்டு, உறைபனி ஆற்றில் குதித்து எஜமானர்களின் பின்னால் நீந்தின.

ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் படகிலிருந்தே தாய்க்கு அவர் எழுதிய கடிதம் வேறு மாதிரி இருக்கிறது. அதில் ஆற்றில் குதித்தவை குதிரைகள். பழக்கமில்லாததால் மிரண்டு குதித்தன, பெரும்பாடுபட்டு வெளியே எடுத்தார்கள். நாய்களோ படகில் ஏற மறுத்து ஊளையிட்டன, எஜமானர்கள் இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரு காட்சி எப்படி உருமாறுகிறது பாருங்கள். இதற்காக நான் அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். அந்த மக்கள் அழவில்லை, முறையிடவில்லை, மௌனமாக இருந்தார்கள் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். நாய்கள் நீந்தியதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த ஒரு சோக்டா மனிதரிடம், ஏன் உங்கள் நாட்டைவிட்டுப் போகிறீர்கள் என்று அவர் கேட்கிறார். சுதந்திரமாக இருக்க என்பது பதில். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வாங்க முடியவில்லை.

அந்த மனிதரைப் போன்றவர்கள் எழுதியது எதுவும் இல்லையா? இருக்கிறது. பயணிகளின் நூல்களோடு நின்றுவிடுகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் வருவது இங்கேதான். செரோக்கி என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் 1828 முதல், அவர்களில் ஒருவரான செக்வோயா உருவாக்கிய எழுத்தில் செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்ற பத்திரிகையை நடத்தினார்கள். பீகுவாட் இனத்தைச் சேர்ந்த வில்லியம் ஏப்பெஸ் 1829-இல் தன் வாழ்க்கையை எழுதி அச்சிட்டார். அடிமையாக இருந்து 1838-இல் தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு 1845-இல் வந்தது. லோவெல் ஊரில் பஞ்சாலைப் பெண்கள் சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார்கள். டிக்கன்ஸ் அதை வாங்கி நானூறு பக்கத்தையும் முழுக்க வாசித்ததாக எழுதுகிறார், இதற்காக அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அடிமைமுறை பற்றிய அத்தியாயத்திலும் அவர் செய்தது இதே போன்றதுதான். ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரச் சொல்லி எஜமானர்களே பத்திரிகையில் கொடுத்த விளம்பரங்களை அடுக்கினார்: காலில் விலங்கு, முகத்தில் சூட்டுத் தழும்பு, வெட்டிய காது. அந்த விளம்பரங்களை அவருக்கு முன்பே அமெரிக்க அடிமை ஒழிப்பாளர்கள் திரட்டி 1839-இல் வெளியிட்டிருந்தார்கள். நோட்டில் அதை ‘கண்டது’ பத்தியில் எழுதிவிடாதீர்கள்.

ஹாரியட் மார்ட்டினோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்படிக் கவனிப்பது என்று ஒரு கையேட்டையே எழுதியவர் அவர். அமெரிக்காவுக்குப் போகும் கப்பலிலேயே தொடங்கி, 1838-இல் வெளியிட்டார். மனிதர்கள் சொல்வதை மட்டும் நம்பாதே, பொருட்களைப் பார் என்பது அதன் சாரம். கல்லறையில் என்ன எழுதியிருக்கிறார்கள், மக்கள் என்ன பாட்டுப் பாடுகிறார்கள், சிறைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் ஒரு சமூகம் எதை மதிக்கிறது என்பது தெரியும். அவருக்குக் காது கேட்காது, செவிக்குழல் வைத்துக்கொண்டு பத்தாயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்தார். குழலின் மறுமுனையில் பேசுகிறவர் நெருங்கி உட்கார்ந்து தனியாகப் பேச வேண்டும், அதனால் கூட்டத்தில் சொல்லாததையும் தன்னிடம் சொன்னார்கள் என்பது அவருடைய வாதம். அவருடைய அளவுகோலும் எனக்குப் பிடித்தது. அமெரிக்காவை இங்கிலாந்தோடு ஒப்பிடாமல், சுதந்திரப் பிரகடனத்தில் அந்த நாடே சொல்லிக்கொண்ட கொள்கையோடு ஒப்பிட்டார். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தால்தான் அரசுக்கு அதிகாரம் என்றால், பெண்களின் சம்மதத்தை எப்போது கேட்டீர்கள் என்று கேட்டார். 1835-இல் பாஸ்டனில் அடிமை ஒழிப்புப் பெண்களின் கூட்டத்தில் எழுந்து பேசியபோது அவர் வெறும் பார்வையாளராக இருப்பதை விட்டுவிட்டார். அதன்பிறகு பல வீடுகளின் கதவுகள் மூடின, மிரட்டலும் வந்தது. அவர் எழுதியதை வாசிக்கும்போது அந்தக் கூட்டத்துக்கு முன், பின் என்று கோட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த நூல்கள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை. கூட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருக்கப் பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது படகுக் கட்டணம், சாப்பாடு, வண்டி குடைசாய்ந்தது போன்ற பகுதிகளைத்தான், நமக்கு வேண்டியதும் அவைதான். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். டிரோலப்பில் தொடங்குவது நல்லது, நடை எளிது, ‘கண்டது’ பத்தி சீக்கிரம் நிரம்பும். ஓவியர் ஹெர்வியூ வரைந்த படங்கள் உள்ள பதிப்பாகப் பாருங்கள், அவர் டிரோலப்போடு கூடவே பயணம் செய்தவர். அடுத்து டிக்கன்ஸின் பிலடெல்பியா அத்தியாயம், உடனே தொக்வில்லின் சிறை அறிக்கைப் பின்னிணைப்பு, பிறகு மார்ட்டினோ. தொக்வில்லின் பெரிய நூலை இவை முடிந்தபின் எடுங்கள். அதில் பொதுமைப்படுத்தும் வாக்கியம் வரும்போதெல்லாம், பாஸ்டனில் வரலாற்றாசிரியர் ஜாரெட் ஸ்பார்க்ஸ் போன்ற படித்தவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.